அடுத்த வெளியீடு எப்போது?

காமிக்ஸ் ரசிகர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. மட்டாஞ்சேரித் தமிழர்களுக்குக் கூடுதலாக இன்னொரு கவலை: அந்த வெளியீட்டை அடுத்த தலைமுறை எந்த மொழியில் படிக்கும்?

மட்டாஞ்சேரியில் 'மாயாவி' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மாயாவி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலையாளத்தில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு மாயாவி என்றால் காட்டில் வாழும் நல்ல மனசுக் குட்டிச்சாத்தான். ராஜுவும் ராதாவும் ஆபத்தில் கூப்பிட்டால் ஓடி வந்து நிற்பான். மந்திரவாதி குட்டூசன், டாகினி, ஈட்டியின் மேல் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி ஆகியோர் அவனைப் பிடிக்கத் திட்டம் போட்டுத் தோற்பார்கள். 1984-ல் 'பாலரமா' இதழில் என்.எம். மோகன் தொடங்கிய படக்கதை இது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கேரளத்துப் பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை.

அதே வீட்டில் தமிழ் படித்து வளர்ந்த அப்பாவின் மாயாவியோ வேறு ஆள். ஒரு கை இரும்பு. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'தான். சுவிட்ச் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் விரலை வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு.

ஒரே பெயர், இரண்டு மாயாவிகள். இருவரையும் இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பவர்கள் யார்? எழுதியவர்களும் வரைந்தவர்களும் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. போன இதழ் எப்படி, அடுத்த இதழில் யார், ஏன் தாமதம் என்று விடாமல் பேசித் தீர்க்கும் ரசிகர்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு. அந்தப் பேச்சு நின்ற இடத்தில் ஹீரோவும் நின்றுவிடுகிறார்.

மட்டாஞ்சேரிக்குப் படக்கதை புதிதல்ல. போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்ததும், பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததுமான அரண்மனை இங்கேதான் இருக்கிறது. அதன் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க முழுக்கச் சித்திரங்களாகவே விரிகிறது. தசரதனின் வேள்வியில் தொடங்கும் கதையை எழுத்துத் தெரியாதவரும் சுவரைப் பார்த்தபடி நடந்தே 'படித்து'விடலாம்.

மொழிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் என்று சில தெருக்களுக்குள்ளேயே காதில் விழும். தமிழ் பேசும் குடும்பங்கள் மட்டாஞ்சேரியிலும் ஒட்டியுள்ள ஃபோர்ட் கொச்சியிலும் தலைமுறைகளாக வாழ்கின்றன. வேலிப் பகுதியின் டோபிகானாவில் துணி வெளுப்பவர்கள் அவர்களில் பலருக்கும் தெரிந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ என்பது இத்தகைய குடும்பங்களில் வழக்கமாகிப்போன ஏற்பாடு. எனவே காமிக்ஸ் இங்கே வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. பேச மட்டும் தெரிந்த மொழியைப் படிக்கவும் வைக்கக்கூடிய மிகச் சில சாதனங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கொச்சி நகரமே ஒரு காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் படக்கதைகளை அச்சிட்டு அனுப்பியது என்பது பலருக்கு மறந்துபோன சங்கதி. எர்ணாகுளத்தின் பை அண்ட் கோ நிறுவனம், சுருக்கமாக 'பைகோ', 1978-ல் 'பூம்பாட்டா' என்ற மலையாளச் சிறுவர் இதழை வாங்கியது. பூம்பாட்டாவின் வெற்றி தந்த தெம்பில் 1984-ல் தமிழிலும் இறங்கியது. அப்படிப் பிறந்ததுதான் 'பூந்தளிர்'. ஆசிரியர், தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத வாண்டுமாமா.

பூந்தளிரைப் படித்தவர்கள் இன்றைக்கும் பட்டியல் போட்டுச் சொல்வார்கள்: சுப்பாண்டி, காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு. எல்லோருக்கும் மேலே கபீஷ். முனிவர் தந்த வரத்தால் நினைத்தபடி வாலை நீட்டிக்கொள்ளும் குரங்கு அது. காட்டு விலங்குகளை வேட்டைக்காரர்களிடமிருந்து அந்த வாலாலேயே காப்பாற்றும். முகமூடியும் கிடையாது, முதுகில் துணியும் பறக்காது. ஆனாலும் சூப்பர் ஹீரோவுக்கு உரிய எல்லா லட்சணங்களும் உண்டு. கபீஷை உருவாக்கியவர் அமர் சித்திரக் கதைகளின் தந்தை அனந்த் பை, வரைந்தவர் மோகன்தாஸ். இதே மோகன்தாஸ்தான் பாலரமாவின் மாயாவியையும் வரைந்தவர். ஆக, மலையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே ஓவியரின் கோட்டில்தான் வளர்ந்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் அது தெரியாது, அவ்வளவுதான்.

சுப்பாண்டியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1980-ல் தொடங்கிய 'டிங்கிள்' இதழுக்கு, சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு வேலைக்காரனைப் பற்றிய கதைகளைத் திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பினார். 1983-ல் அது அச்சேறியது. ராம் வாயீர்க்கர் வரைந்த அந்த நீள மண்டையன் நாடு முழுவதும் பிரபலமானான். ஒரு வாசகரின் தபாலிலிருந்து பிறந்த நாயகன் அவன்.

ஆனால் பைகோவின் பூந்தளிர் நீண்ட காலம் நிலைக்கவில்லை. அது ஒன்றுக்கு மட்டும் நேர்ந்த கதியும் அல்ல. 1964-ல் வேதாளரின் சாகசத்தோடு தொடங்கி, தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் வந்த 'இந்திரஜால் காமிக்ஸ்' 1990-ல் நின்றுபோனது. 1984-ல் ஒன்றரை ரூபாய் விலையில் ஜேம்ஸ் பாண்டோடு வந்திறங்கிய 'ராணி காமிக்ஸ்' 2005-ல் விடைபெற்றது. வாண்டுமாமா 2014-ல் மறைந்தார். பழைய பூந்தளிர் இதழ்கள் இப்போது சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இருக்கின்றன. அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கவும் ஆளிருக்கிறது.

இதழ் மூடினால் ஹீரோவும் போய்ச் சேர வேண்டியதுதானா? இல்லை என்று நிரூபித்தது ஒரு எலி.

'டிங்கன்' என்ற அந்த எலி, 1983-ல் 'பாலமங்களம்' இதழில் என். சோமசேகரன் எழுத, பேபி வரையத் தோன்றியது. காட்டில் குறும்பு செய்து திரிந்த எலியை வேற்றுக் கிரகவாசிகள் பிடித்துச் சென்று சோதனை செய்ய, அதற்கு அபார சக்தி வந்துவிடுகிறது. திரும்பி வந்து காட்டைக் காக்கிறது. அசல் சூப்பர் ஹீரோ கதை. 2012-ல் பாலமங்களம் நின்றது. டிங்கன் நிற்கவில்லை. 2008 வாக்கிலேயே டிங்கனைக் கடவுளாக வைத்து 'டிங்கோயிசம்' என்ற கேலி மதத்தைச் சிலர் இணையத்தில் தொடங்கியிருந்தார்கள். டிங்கன் பெயரில் ஒரு சினிமா அறிவிக்கப்பட்டபோது, தங்கள் 'மத உணர்வு' புண்பட்டுவிட்டதாகச் சொல்லி, 2016 ஜனவரியில் கொச்சியில் அந்தப் படத்தின் நாயகனுக்குச் சொந்தமான உணவகத்தின் முன் கோஷம் போட்டார்கள். எதற்கெடுத்தாலும் புண்படுகிறவர்களைப் பார்த்து விட்ட சிரிப்பு அது. பிபிசி வரை செய்தி போனது. அச்சில் இல்லாத ஒரு காமிக்ஸ் ஹீரோவுக்காக ஆட்கள் தெருவில் இறங்கியது நம் நாட்டில் அரிதான காட்சி.

மூன்று ஆண்டு கழித்து இன்னொரு கூத்து. 2019 பிப்ரவரியில் பாலரமாவின் மாயாவி கதைக்குள் ஒரு புதிய பாத்திரம் நுழையப்போவது தெரிந்ததும், லுட்டாப்பியை ஓரங்கட்டிவிடுவார்களோ என்று கேரளமே பதறியது. 'லுட்டாப்பியைக் காப்பாற்று' என்று இணையத்தில் இயக்கமே நடந்தது. இதில் வேடிக்கை, லுட்டாப்பி நல்லவனே அல்ல. மாயாவியைப் பிடிக்க வில்லன்களோடு கூட்டுச் சேர்ந்து அலைகிற பயல். வாராவாரம் அடி வாங்குகிறவன். ரசிகர்களின் மனம் அவனிடம்தான் ஒட்டியிருந்தது. கோஷம் போட்டவர்களில் பலர் குழந்தைகளும் அல்ல. குழந்தையாய் இருந்தபோது படித்து, பெரியவர்களான பிறகும் விடாதவர்கள்.

சறுக்கிய ஆளிடம் பிரியம் வைக்கும் இந்தக் குணம் தமிழ் ரசிகர்களிடமும் உண்டு. இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962-ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தபோது அவன் பெயர் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூட உதவியாளனான அவன், மறையும் சக்தி வந்ததும் முதலில் செய்தது குற்றம்தான். பிறகே திருந்தி உளவுத்துறைக்கு வேலை செய்தான். இன்னொரு செல்லப்பிள்ளை ஸ்பைடர். அமெரிக்காவின் ஸ்பைடர்மேனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவன் 1965-ல் பிரிட்டனின் 'லயன்' இதழில் குற்றச் சக்கரவர்த்தியாக அறிமுகமாகி, போகப் போக நீதியின் பக்கம் சாய்ந்தவன். தமிழில் அவனைக் கொண்டாடிய பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-ல் சூப்பர்மேனின் உரிமையை வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டுப் பிறகு கோர்ட், கேஸ் என்று அலைந்தவர். உலகின் முதல் பெரிய சூப்பர் ஹீரோவை எழுதிய கை சிவகாசி வழியாகத் தமிழ்ச் சிறுவர்களையும் எட்டியிருக்கிறது.

எட்டச் செய்தவர்கள் ஒரு குடும்பத்தினர். முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் எம். சௌந்திரபாண்டியன். அவர் மகன் எஸ். விஜயன் பதின்வயதிலேயே 1984-ல் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழில் வந்தவர் மாடஸ்டி பிளைசி. பின்னால் ஸ்பைடர், 'சட்டித் தலையன்' என்று வாசகர்கள் செல்லமாக அழைக்கும் ரோபோ ஆர்ச்சி, இத்தாலியின் டெக்ஸ் வில்லர் என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு இதழிலும் ஆசிரியர் வாசகரோடு நேராகப் பேசும் பகுதி உண்டு. வாசகர் கடிதம் உண்டு. அவற்றைவிட முக்கியமாக, அடுத்த வெளியீட்டின் விளம்பரம் உண்டு. இதழைக் கையில் வாங்கியதும் கதையை விட்டுவிட்டு முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவது காமிக்ஸ் ரசிகரின் மாறாத பழக்கம்.

அந்த ஒரு பக்கம் கிளப்பும் விவாதங்கள் கொஞ்சமல்ல. மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகிய 'மும்மூர்த்திகளை' மறுபதிப்புச் செய்யலாமா, இல்லை புதிய கதைகளுக்கு இடம் விடலாமா? கறுப்பு வெள்ளைக்கு உள்ள வசீகரம் வண்ணத்துக்கு வருமா? சூப்பர் ஹீரோக்கள் போதும், குதிரை ஏறும் கௌபாய்களே போதும் என்பவர்கள் ஒரு கட்சி. கிராஃபிக் நாவல்கள் வேண்டும் என்பவர்கள் எதிர்க்கட்சி. 'மொழிபெயர்ப்பில் பழைய நடை இல்லையே' என்ற ஏக்கம் இரு கட்சிக்கும் பொது.

இவை வெட்டிப் பேச்சு இல்லை என்பதைச் சில வெளியீடுகளே காட்டும். 'எக்ஸ்.ஐ.ஐ.ஐ.' என்ற பெல்ஜிய நாட்டுத் தொடரின் பல பாகங்களை ஒரே தொகுப்பாக்கி 'இரத்தப் படலம்' என்ற பெயரில் 2010-ல் லயன் வெளியிட்டது. பாகம் பாகமாக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாசகர்களின் நச்சரிப்பு இல்லாமல் அப்படியொரு தலையணைப் புத்தகம் தமிழில் சாத்தியமே இல்லை. 2012-ல் சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி வந்த 'கம்பேக் ஸ்பெஷல்' அவ்வப்போது தடைப்பட்டுக்கொண்டிருந்த இதழ்களுக்கு மறுவாழ்வு தந்தது. 2015-ல் வந்த 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பு வாசகர்களின் முன்பதிவை நம்பியே அச்சேறியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா நடக்கும்போது, காமிக்ஸ் வாசகர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. தலை நரைத்தவர்கள், பேட்மேனையும் சட்டித் தலையனையும் பற்றி வாய் வலிக்கப் பேசிவிட்டு ரயில் ஏறுகிறார்கள். முத்து காமிக்ஸ் 2022-ல் பொன்விழா கண்டது. பெரிய பத்திரிகை நிறுவனங்கள் கைவிட்ட வேலையை ஒரு சிறிய பதிப்பகமும் அதன் சந்தாதாரர்களும் சேர்ந்து இழுத்து வருகிறார்கள்.

சரி, கவலை எங்கே இருக்கிறது? தலை நரைத்தவர்கள் என்று சொன்னோமே, அங்கேதான்.

ஒரு காலத்தில் தமிழ் காமிக்ஸ் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கியது. மிட்டாய் வாங்கப் போன பையன் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்கி, மிட்டாய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்தான். இப்போது அது பெரும்பாலும் சந்தா கட்டியவர் வீட்டுக்குக் கூரியரில் வருகிறது. அல்லது புத்தகக் காட்சியில் கிடைக்கிறது. அச்சும் தாளும் பல மடங்கு உயர்ந்துவிட்டன. விலை சிறுவனின் கைக்காசுக்கு எட்டுவதில்லை. சந்தா முறைதான் இதழைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. அதே முறை புதிய வாசகன் தற்செயலாக உள்ளே நுழையும் வாசலையும் குறுக்கிவிட்டது. ஏற்கனவே ரசிகராக இருப்பவர் வீட்டுக்குத்தான் அடுத்த வெளியீடு வரும்.

மட்டாஞ்சேரியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். மலையாள மாயாவி வாரந்தோறும் கடைக்கு வருகிறான். தமிழ் மாயாவி, அப்பா முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால்தான் வருவான். எந்த மாயாவி பிள்ளையின் கைக்கு முதலில் போய்ச் சேருவான் என்று யூகிக்கப் பெரிய புத்திசாலித்தனம் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே, மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே நிலைதான்.

இன்னொரு குறையும் உண்டு. தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் கொண்டாடும் பெயர்களில் பெரும்பாலானவை இறக்குமதி. பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா. நம் ஊர் ஹீரோக்கள் காகிதத்தைத் தாண்டித் திரைக்குப் போய்விட்டார்கள். மிஷ்கினின் 'முகமூடி' 2012-ல் வந்தது. 2023-ன் 'மாவீரன்' நாயகனுக்குத் தொழிலே நாளிதழில் படக்கதை வரைவதுதான். கேரளத்திலும் இதே காற்று. 2021-ல் வந்த 'மின்னல் முரளி'யில் குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்துத் தையல்காரன் சூப்பர் ஹீரோ ஆனான். அவனுக்கு எதிரியாக, ஊரே ஒதுக்கிவைத்த ஷிபுவாக நடித்துப் பரிதாபத்தை அள்ளியவர் நம் குரு சோமசுந்தரம். 2025-ல் வந்த 'லோகா'வின் அடுத்த பாகத்தில் வரப்போவது சாத்தான். குட்டிச்சாத்தான்களை வாராவாரம் படித்து வளர்ந்த ஊரில் அந்தப் பாத்திரத்தைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமில்லை. மின்னல் முரளியை 'டிங்கிள்' காமிக்ஸாகக் கொண்டுவருவதாக 2023-ல் அறிவிப்பும் வந்தது. திரையிலிருந்து தாளுக்கு ஒருவன் திரும்புகிறான். தமிழில் இந்தத் திரும்புதல் இன்னும் வழக்கமாகவில்லை.

ரசிகர்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. ஒரு வாசகரின் தபால் சுப்பாண்டியை உண்டாக்கியது. சில நூறு பேரின் கூச்சல் லுட்டாப்பியைப் பற்றி ஒரு மாநிலத்தையே பேச வைத்தது. இதழே இல்லாத எலி தெருவில் ஊர்வலம் போனது. சந்தாதாரர்களின் பிடிவாதம் சிவகாசியின் அச்சு இயந்திரத்தை ஓட வைக்கிறது. அந்தப் பிடிவாதத்தில் ஒரு பங்கை இனி வேறு கேள்விக்கும் ஒதுக்கலாம். மறுபதிப்பா, புதியதா என்று வாதிடுகிறவர்கள், பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் விலையில் மெலிந்த இதழ் ஒன்று மாதம்தோறும் வரவேண்டும் என்றும் கேட்கலாம். தன் சந்தாவோடு அக்கம்பக்கத்துப் பள்ளி நூலகத்துக்கும் ஒரு சந்தா கட்டலாம். கேட்டதையெல்லாம் கேட்டுக் கேட்டே வாங்கிய கூட்டம் இது.

அதுவரை, கூரியரில் வந்ததைப் பீரோவில் பத்திரப்படுத்தாமல் கூடத்தில் போட்டுவைத்தாலே பாதி வேலை நடக்கும். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளையும் படத்தை விடாது. இரும்புக்கை அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்ததும், மேலே இருக்கும் வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவிடம் கேட்கும். முதல் நாள் அப்பா படித்துக் காட்டுவார். நாலாம் நாள் அவருக்கு வேலை இருக்கும். பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் பார்க்கும்.